அத்தியாயம் 6: பெற்றவர் இடத்தில் நீங்கள்

மகள் துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறாள், பேத்தி உங்களிடம். தம்பி இறந்துவிட்டான், அவன் மகன் உங்கள் வீட்டில் எட்டாவது படிக்கிறான். சென்னை கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்பிலும் இப்படி வீடுகள் உண்டு, லிஃப்ட் வைத்த அடுக்ககத்திலும் உண்டு. யாரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கவில்லை. ஒரு பையில் நாலு துணியோடு பிள்ளை வந்தது, தங்கிவிட்டது.

பெற்றவர்களுக்கான பாதுகாப்பு அறிவுரை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை: ஒரே ஒரு வாக்கியம்

நான் பெரியம்மா வீட்டில் ஐந்து வருடம் வளர்ந்தவள். நல்ல பெரியம்மா, சோற்றுக்கோ துணிக்கோ குறை வைத்ததில்லை. ஆறாவது படிக்கும்போது செருப்பு அறுந்துபோனது. அதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று, பின்னைக் குத்திக்கொண்டே நடந்தேன். திட்டுவார் என்ற பயம் இல்லை. ‘இந்தப் பிள்ளையால் செலவு’ என்ற நினைப்பு அவருக்கு வந்துவிடுமோ, என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயம்தான்.

செருப்புக்கே நான்கு நாள் என்றால், டியூஷன் அண்ணன் கை வைத்ததைச் சொல்ல எத்தனை நாள் ஆகும்? அந்த அண்ணன் உங்கள் சொந்தப் பிள்ளையாகவே இருந்துவிட்டால்?

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை வாயை மூடிக்கொள்வதற்குப் பெரிய காரணம், வீடு போய்விடும் என்ற பயம். தீங்கு செய்பவன் இதை நம்மைவிட நன்றாக அறிவான். “சொன்னா ஆயா உன்னை ஹாஸ்டல்ல விட்டுடுவாங்க” என்ற ஒரு வரி அவனுக்குப் போதும். ஆகவே போனுக்குப் பூட்டுப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்:

1. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, “நீ என்ன சொன்னாலும், என்ன தப்பே பண்ணியிருந்தாலும், உன்னை இந்த வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன்” என்று சொல்லுங்கள்.
2. மாதம் ஒரு முறையாவது திரும்பச் சொல்லுங்கள். தலை வாரும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னால் போதும். சடங்காக ஆக்க வேண்டாம்.
3. கோபத்தில்கூட “உங்க அப்பன்கிட்டயே போயிடு” என்று சொல்லாதீர்கள். வீட்டில் மற்றவர்களும் சொல்லக் கூடாது. ஒரே தடவை சொன்னாலும் மேலே உள்ள இரண்டும் வீண்.
4. சின்ன உண்மைகளில் சோதனை நடக்கும். டம்ளரை உடைத்ததை, ஐந்து மார்க் வாங்கியதைப் பிள்ளை தானாக வந்து சொன்னால் அன்று அடியும் கத்தலும் கூடாது. பெரிய விஷயத்தை உங்களிடம் சொல்லலாமா என்று அது அங்கேதான் முடிவுசெய்கிறது.

காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் கவரில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளி அடையாள அட்டை, பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். பெற்றவர் உயிருடன் வெளியூரில் இருந்தால், பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருக்கிறது, பள்ளி, மருத்துவ முடிவுகளை நீங்கள் எடுக்கலாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். இது நீதிமன்ற உத்தரவு ஆகாது. ஆனாலும் பள்ளி அலுவலகத்தில் ‘நீங்க யாரு?’ என்று கேட்கும்போது காட்ட ஒன்று கையில் இருக்கும். சொத்து, பாஸ்போர்ட் போன்ற விவகாரம் வந்தால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்படுவோர் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

பண உதவியும் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ வழியாக, வருமான வரம்புக்கு உட்பட்டு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

குறிப்பு: ‘தாயில்லாப் பிள்ளைக்கு உதவுங்கள்’ என்று வீடியோ எடுத்துப் போட யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. உதவி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பிள்ளையின் முகம், பேர், தெரு எல்லாம் போன் போனாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குள்

‘முகம் தெரியாதவன்கிட்ட பேசாதே’ என்று சொல்லிச் சொல்லியே நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தைப் பாருங்கள்: குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். 2018இல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்ககத்தில் ஒரு சிறுமிக்கு மாதக்கணக்கில் கொடுமை நடந்தது. கைதானவர்கள் லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று தினமும் அந்தக் கட்டடத்தில் நடமாடியவர்கள். 2020இல் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த வாசலில் கேமராவும் இருந்திருக்கலாம், பதிவேடும் இருந்திருக்கலாம். இவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டிய விதிகள்:

1. அந்தரங்க உறுப்புகள் உட்பட உடல் உறுப்புகளுக்குப் பேர் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் புழங்கும் சொல்லாகவே இருக்கட்டும். ‘அந்த இடம்’ என்று மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளையால் நாளை எந்த இடம் என்று சொல்ல முடியாது.
2. “குளிப்பாட்ட, உடம்பு சரியில்லாதபோது டாக்டர் பார்க்க. இந்த ரெண்டுக்கும் தவிர அங்கே யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அவங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது.” ‘குட் டச், பேட் டச்’ என்ற பாடத்தைவிட இது தெளிவு. வலிக்காமல், சாக்லேட்டோடு வரும் தொடுதலை ஐந்து வயசுக் குழந்தை எப்படி ‘பேட்’ என்று கண்டுபிடிக்கும்?
3. “நம்ம வீட்டில் ரகசியம் கிடையாது.” பிறந்தநாள் பரிசு போல நாலு நாளில் உடையும் ‘சர்ப்ரைஸ்’ வேறு. ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று பெரியவர் யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
4. சொல்லக்கூடிய மூன்று பேரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவராவது இந்த வீட்டில் வசிக்காதவராக இருக்க வேண்டும்.

நம் பழக்கத்தில் ஒன்றை விட்டுவிடுங்கள். “மாமா மடில போய் உட்காரு, ஒரு முத்தம் குடு” என்று தள்ளிவிடுவது. பிள்ளை பின்வாங்கினால் “வணக்கம் சொல்லிட்டுப் போ கண்ணு” என்று முடித்துவிடலாம். மாமா கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

ஒற்றை அறை வீட்டில் தனி அறை என்று எழுதுவது கேலிக்கூத்து. விருந்தாளி வந்த இரவில் பிள்ளை சுவரோரம், அடுத்து நீங்கள், அதற்கப்புறம் மற்றவர்கள். கழிப்பறை வெளியே இருந்தால் இரவில் கூடப் போங்கள். பிள்ளை துணி மாற்ற ஒரு மூலையில் திரைச்சீலை கட்டுங்கள், 50 ரூபாய் கயிறும் ஒரு பழைய புடவையும் போதும்.

வீட்டு வேலைக்குப் போகும் பாட்டிமார் லீவு நாளில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வேறு வழி இல்லை, புரிகிறது. அங்கே பிள்ளை உங்கள் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கட்டும், அடுப்பங்கரை வாசலில் உட்காரட்டும். “உள்ளே வந்து டிவி பாரு” என்ற அழைப்பை மறுப்பதற்குக் கைவசம் ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள்: “ஹோம்வொர்க் இருக்குதும்மா.” அந்த வீட்டார் நல்லவர்களா கெட்டவர்களா என்று நீங்கள் ஆராய வேண்டியதே இல்லை.

வாசலுக்கு வெளியே

கோட்டூர்புரத்தில் பிள்ளையோடு ஒருமுறை நடந்து பார்த்து, வழியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. தனியாகப் போகலாம்: ஆள் நடமாட்டமும் தெரிந்த கடையும் உள்ள தெருக்கள். வழியில் இரண்டு ‘நிற்கும் இடம்’ குறியுங்கள், மருந்துக்கடை, இஸ்திரி வண்டி என்று. பயந்தால் ஓடிப்போய் அங்கே நிற்க வேண்டும் என்று பிள்ளைக்கும், ‘வந்தால் எனக்கு போன் பண்ணுங்க’ என்று கடைக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.
2. துணையோடு மட்டும்: பறக்கும் ரயில் நிலையம். கட்டடம் பெரிது, ஆள் குறைவு, படிக்கட்டு வளைவுகளில் யார் நிற்கிறார் என்று கீழிருந்து தெரியாது. மரப் பூங்கா காலை நடைநேரத்தில் சரி, இருட்டும் நேரத்தில் வேண்டாம்.
3. போகவே கூடாது: அடையாற்றுக் கரை. 2015 டிசம்பரில் அந்த ஆறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாதாரண நாளிலும் சேற்றில் கால் சிக்கும்.

பள்ளி விட்டு நீங்கள் வேலையிலிருந்து வரும்வரை இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் ஆபத்தான நேரம். 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவோடு. நம் பகுதிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். ஆனால் நூலகம் குழந்தைக் காப்பகம் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரோடு அனுப்புங்கள். மூன்று நான்கு வீட்டுப் பாட்டிகள் முறை வைத்துக்கொண்டால் ஆளுக்கு வாரம் ஒன்றிரண்டு நாள்தான் வரும்.

வேன், ஆட்டோ: ஓட்டுநர் பேர், வண்டி எண், செல் எண் மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளையை முன்சீட்டில் ஓட்டுநரை ஒட்டி உட்காரவைக்கக் கூடாது. கடைசியாக இறங்கும் பிள்ளை உங்களுடையதா என்று கேளுங்கள். ஆம் என்றால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள், அல்லது கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தில் போய் நில்லுங்கள்.

வீட்டுக்குள் ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆயா கூட்டிட்டு வரச் சொன்னாங்க’ என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். ‘வத்தக்குழம்பு’ மாதிரி ஏதாவது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, மறக்கவே மாட்டார்கள். மயிலாப்பூர் அறுபத்து மூவர் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் செல் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

போன்

இங்கே பல வீடுகளில் தலைகீழ் நிலைமை. போனைப் பிள்ளைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பென்ஷன் மெசேஜைப் படிப்பது, கேஸ் பதிவு செய்வது, ஓடிபி சொல்வது எல்லாம் பன்னிரண்டு வயசு பேரன். உங்கள் யுபிஐ ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அதை வைத்ததே அவன்தான். அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. போன் விளையாட்டில் காசுபோல் பயன்படும் ‘டைமண்ட்’ வாங்கித் தருகிறேன் என்று எவனோ கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் தூரத்தில் எல்லாம் இருக்கிறது என்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்கி, இந்த வரிசையிலேயே செய்யுங்கள். தெரியாவிட்டால் அடுத்த வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டுப் பிள்ளையின் எதிரிலேயே செய்யுங்கள்.

1. வங்கி எண்ணையும் விளையாட்டு போனையும் பிரியுங்கள். வங்கியில் பதிவான சிம் ஒரு சாதாரண பட்டன் போனில் இருக்கட்டும். யுபிஐ வேண்டுமென்றால் அந்த சிம் உங்கள் ஸ்மார்ட்போனிலேயே இருக்கட்டும், யுபிஐக்குப் பிள்ளைக்குத் தெரியாத புது ரகசிய எண் வையுங்கள்.
2. பழைய போனைத் துடையுங்கள். அப்பா துபாயிலிருந்து அனுப்பிய பழைய போனில் அவருடைய கூகுள் கணக்கே இருக்கும். அப்போது யூடியூபும் பிளே ஸ்டோரும் இதைப் பயன்படுத்துவது நாற்பது வயது ஆண் என்றே எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் காட்டும். பலரும் கவனிக்காத தவறு இதுதான். செட்டிங்ஸில் கணக்கை நீக்கி, ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து, பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு தொடங்குங்கள்.
3. உங்கள் போனில் ‘கூகுள் ஃபேமிலி லிங்க்’ ஏற்றுங்கள், இலவசம். எந்த ஆப் ஏறலாம், எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்கு அணையும் என்பதை அதில் வைக்கலாம். குடும்பக் குழுவில் இன்னொரு பெரியவருக்கும் பெற்றோர் உரிமை கொடுக்கலாம். அப்படி ஒருவரைச் சேர்த்தால் உங்களுக்குப் பாதி பாரம் குறையும்.
4. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள்.
5. வாட்ஸ்அப்: ‘குழுவில் யார் சேர்க்கலாம்’ என்பதில் ‘என் தொடர்புகள்’. முகப்புப் படத்துக்கும் ஸ்டேட்டஸுக்கும் அதுவே. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த ஆறு இலக்க எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.
6. இன்ஸ்டாகிராம் 13 வயதுக்குக் கீழே கிடையாது. அதற்கு மேல் உண்மையான வயதைக் கொடுத்தால் ‘டீன் அக்கவுன்ட்’ ஆகத் திறக்கும். இந்தியாவில் இது 2025 பிப்ரவரியில் வந்தது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், 16க்குக் கீழ் உள்ளவர் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெரியவர் அனுமதி வேண்டும். பிள்ளை பொய் வயது கொடுத்திருந்தால் இது எதுவும் வேலை செய்யாது.
7. இரவு ஒன்பதரைக்குப் போன் உங்கள் தலையணைப் பக்கம் சார்ஜ் ஏறட்டும். உங்கள் போனும்தான். நீங்கள் சீரியல் பார்த்துக்கொண்டே பிள்ளையைத் தூங்கச் சொன்னால் நடக்காது.

விளையாட்டில் குரல் அரட்டையை அணைத்து வையுங்கள். முகம் தெரியாத ‘அண்ணன்’ பெரும்பாலும் இப்படித்தான் வருவான்: விளையாட்டில் பாராட்டு, பிறகு டைமண்ட் பரிசு, பிறகு “வாட்ஸ்அப் நம்பர் குடு”, பிறகு “ஒரு போட்டோ அனுப்பு”. இரண்டாம் படியிலேயே பிள்ளை உங்களிடம் சொல்ல வேண்டுமென்றால் பரிசு வாங்கியதற்காக நீங்கள் அடிக்காதவராக இருக்க வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025இல் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் வந்துவிட்டது. அப்படி ஏதாவது போனில் தென்பட்டால் ‘எல்லாரும் ஆடறாங்க’ என்ற சமாதானம் செல்லாது.

உங்கள் ஸ்டேட்டஸையும் ஒருமுறை பாருங்கள். சீருடையில் பேத்தி, பின்னால் பள்ளிப் பலகை, கீழே ‘என் தங்கம்’. பள்ளி, நேரம், முகம் மூன்றும் சேர்ந்தே போய்விட்டன.

படத்தை வைத்து மிரட்டினால்

1. பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான்.
2. எதையும் அழிக்காதீர்கள். உரையாடல், கணக்குப் பேர், எண், யுபிஐ ஐடி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்கப்புறம் பிளாக்.
3. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று சித்தப்பாவுக்கோ வக்கீலுக்கோகூட அனுப்பாதீர்கள். அது பரப்புவதாகிவிடும். படம் அதே போனில் இருக்கட்டும், அன்றே போலீஸில் காட்டுங்கள்.
4. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) பதியுங்கள். குழந்தைகள் தொடர்பான புகாரில் பேர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.
5. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 18 வயதுக்குக் கீழ் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதன் அடையாளக் குறியீடு மட்டும் போய், சேர்ந்துள்ள தளங்களில் படம் ஏறாமல் தடுக்க உதவும்.

குறிப்பு: ‘இந்தக் குழந்தைக்கு நடந்ததைப் பாருங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று குடும்பக் குழுவில் வீடியோ வந்தால் நல்லெண்ணத்தில்கூட அனுப்பாதீர்கள். 2024 செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சென்னை வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில்தான் வந்தது. அத்தகைய படங்களை அழிக்காமல், புகாரும் செய்யாமல், பகிரும் நோக்கத்தோடு வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி குற்றம் என்றது.

பிள்ளை வாய் திறந்தால்: முதல் பத்து நிமிடம்

1. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.
2. “சொன்னது நல்லதாச்சு கண்ணு. நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. நீ இங்கேதான் இருப்பே.”
3. ‘ஏன் அப்பவே சொல்லல’, ‘நல்லா யோசிச்சுச் சொல்லு’ இரண்டும் வேண்டாம். “அப்புறம்?” என்ற ஒரு சொல் போதும். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். மாமாவை, அத்தையைக் கூப்பிட்டு அவர்கள் முன் மறுபடி சொல்லவைக்காதீர்கள்.
4. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். “உதவி பண்ணக்கூடிய ஆள்கிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள்.
5. பிள்ளை தூங்கிய பின், அது சொன்ன சொற்களையே தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.
6. நடந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தால் குளிப்பாட்ட வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். துணியைக் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிச் சாட்சியம் கெடும். நேரே மருத்துவமனை. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எஃப்ஐஆர் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.
7. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆபத்து கண்ணெதிரே என்றால் அவசர எண் 112. நேரில் என்றால் ஜே-4 கோட்டூர்புரம் காவல் நிலையமோ மகளிர் காவல் நிலையமோ. ‘இது எங்க எல்லை இல்லை’ என்றால், எல்லை பார்க்காமல் புகாரைப் பெற வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டம் என்று சொல்லுங்கள்.

‘நான் அம்மா இல்லையே, என் புகாரை எடுப்பார்களா?’ என்று தயங்க வேண்டாம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி யாரும் தகவல் தரலாம். தெரிந்தும் மறைத்தால்தான் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. வாக்குமூலமும் மருத்துவப் பரிசோதனையும் நடக்கும்போது பெற்றோரோ, ‘பிள்ளை நம்பிக்கை வைத்திருக்கும் ஒருவரோ’ உடனிருக்கலாம் என்கிறது அதே சட்டம். அந்த ஒருவர் நீங்கள். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், சீருடையில் வரக் கூடாது, இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

‘குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று அன்றே ஆள் வரும். அநேகமாக உங்களுக்குப் பிரியமானவரே வருவார். இது பேசித் தீர்க்கும் வழக்கு அல்ல, நீங்கள் நினைத்தாலும் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். வீட்டை விட்டு யாராவது போக வேண்டுமென்றால் குற்றம் செய்தவன் போகட்டும். ‘கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிவைப்போம்’ என்று பிள்ளையின் பையைக் கட்டினால், முதல் வாக்கியத்தை நீங்களே பொய்யாக்கிவிட்டீர்கள்.

மறுநாள்

பள்ளிக்குப் போக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அனுப்புங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். தீங்கு பள்ளிக்குள்ளேயே நடந்தது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. தூக்கம் வராமல், சாப்பிடாமல், பழையபடி படுக்கையை நனைத்தால் 14416இல் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னையில் ‘துளிர்’ அமைப்பு 2004 முதல், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுப்பது, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் துணை நிற்பது என்ற ஒரே வேலையைச் செய்து வருகிறது. உங்களுக்கும் தூக்கம் வராது, அதே 14416 உங்களுக்கும்தான்.

இந்த எண்களைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி, பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். 1098ஐ மட்டும் அதுவே தன் கையால் எழுதட்டும்.